ஐஸுக்குள் வைத்த மிளகாய்க் கன்று

சல்லி ஊர் இராகுலனின் கூலர் லொறியில் ஏறிய மீன் பழுதானதாகக் கதையே கிடையாது. பதினெட்டு வருஷமாகக் கந்தளாய்ச் சந்தைக்கு மீன் ஏற்றுகிறான். எந்தப் பொருளுக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான், ஐஸ். கோயிலுக்கு வாங்கிய மல்லிகைப் பூவானாலும் சரி, வீட்டில் மனுஷி சொல்லிவிட்ட கீரைக்கட்டானாலும் சரி, ஐஸுக்குள் தள்ளினால்தான் ஆளுக்கு நிம்மதி.

அப்படிப்பட்டவனிடம்தான் திரியாயில் தனியாகத் தோட்டம் செய்கிற தங்கரத்தினம் உதவி கேட்டார்.

"தம்பி, கிண்ணியாவில கன்று வளர்த்து விக்கிற ரிஸ்லாட்ட ரெண்டாயிரம் மிளகாய்க் கன்று சொல்லி வச்சிருக்கிறன். சந்தையால வரேக்க ஏத்திக்கொண்டு வாறீங்களா?"

"ஓம் அக்கா, அதுக்கென்ன."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கன்று வாடிவிடுமே என்று, கிண்ணியாவில் ஏற்றிய கன்றுத் தட்டுகளை, மீனுக்குப் போட்டு மிஞ்சிய ஐஸோடு சேர்த்து அடுக்கிக் கதவை இறுக்கிச் சாத்தினான். மறுநாள் காலை திரியாயில் கதவைத் திறந்தால், கன்றெல்லாம் அப்போதுதான் குளித்து வந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. தன் கெட்டித்தனத்தில் அவனுக்கே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம்.

நட்ட மூன்றாம் நாள், ஈரப் பாத்தியிலேயே கன்று சோர்ந்தது. ஒரு கிழமைக்குள் இலையில் ஊதா ஏறியது. புதுக் குருத்து வரவேயில்லை. மீன் கொடுக்கப் போன இராகுலன், விவசாயப் போதனாசிரியை கீர்த்தனி ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதைக் கண்டான்.

"இது நோயில்ல அம்மா, குளிர் பட்ட கன்று போல கிடக்கு. குளிர் பட்டா வேர் தண்ணி இழுக்காது, வளர்த்தியும் நிண்டுடும். இலை செய்யிற சீனி செலவாகாமல் இலையிலயே தேங்கும், அதாலதான் இந்த ஊதா. எங்கயும் குளிருக்குள்ள வச்சவையோ?"

"இந்த வெயிலுக்கு எங்க பிள்ளை குளிர்?" என்று சிரித்த தங்கரத்தினம் இராகுலனைப் பார்த்தார். "வழியில ஏதும்?"

"இல்லையக்கா," என்றான். பதினெட்டு வருஷப் பெயர் அப்படிச் சொல்லவைத்தது. சொன்ன வாய் கசந்தது.

அந்தப் பொய்யைச் சுமந்தவள் ரிஸ்லா. தங்கரத்தினம் போனிலேயே அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். கதை ஊரெல்லாம் பரவி, அவளிடம் சொல்லிவைத்த மூன்று பேர் கன்று வேண்டாமென்றார்கள். ரிஸ்லா எதிர்த்துப் பேசவில்லை. வேறு கன்று சும்மா தருவதாகச் சொன்னாள். "இராகுலன் அண்ணனையே அனுப்புங்க, அவர் பக்குவமாக் கொண்டுபோவார்."

அதைக் கேட்டபோது மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு. ஆனாலும் போனான். வெட்கங்கெட்டவன், அவள் தந்த தேத்தண்ணியையும் குடித்தான். சொல்ல வாயெடுத்து, வெயில் கடுமையென்று ஏதோ உளறினான். ஐஸ் ஒரு துண்டுமில்லாமல், கூலர் கதவைத் திறந்து கட்டிக்கொண்டு ஓட்டினான்.

திரியாயில் கடைசித் தட்டை இறக்கிய பிறகுதான் நாக்கு எழும்பியது.

"அக்கா, ஐஸுக்குள்ள வச்சது நான்தான். அந்தப் பிள்ளையில பிழையில்ல."

தங்கரத்தினம் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருக்கும் முகம் செத்துப்போனது, ஒரு பாவமும் அறியாதவளை ஏசியது அவர் வாயல்லவா. ரிஸ்லாவின் நம்பரை அழுத்திப் போனை அவனிடம் நீட்டினார்.

"நானும் மன்னிப்புக் கேக்கத்தான் வேணும். முதல்ல நீங்க சொல்லுங்க."

"தங்கச்சி, நான் இராகுலன் கதைக்கிறன்," என்றான்.

மறுமுனையில் ரிஸ்லா பதறினாள்.

"அண்ணன், இந்தக் கன்றும் வாடிட்டுதா?"