குதிரைகளை ஏன் அவிழ்த்துவிடவில்லை?

லண்டனில் ஒரு போர் அருங்காட்சியகத்தில் பதினாறு வருடமாகக் காவலாளியாக நிற்கிறேன். சரித்திரம் படித்தவன், சரித்திரத்தின் நடுவிலேயே வேலை. ஆனால் பார்வையாளர்கள் இதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் கழிப்பறை எங்கே என்பதுதான். இடது பக்கம். யாராவது ஒரு படத்தைப் பார்த்து ஆண்டைப் பிழையாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. பின்னாலேயே போய்த் திருத்திவிட்டு வருவேன். இதற்காக இரண்டு தடவை மேலிடத்துக்குப் புகார் போயிருக்கிறது.

போன வருடம் வழிகாட்டி வேலை ஒன்று காலியானது. காவலாளிகளும் விண்ணப்பிக்கலாம், பார்வையாளர்கள் முன்னால் பத்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும், தகவலில் ஒரு பிழையும் வரக் கூடாது என்றார்கள். பிழையா, என்னிடமா? முதலாம் உலகப் போரில் சினாய் பாலைவனத்துக்குப் போன குதிரைப்படையை எடுத்துக்கொண்டேன். நான் நிற்கும் மூலையில்தான் அந்தப் படம் தொங்குகிறது. மணலில் ஒரு கித்தான் தொட்டி, வரிசையாகத் தலையைக் கவிழ்த்துக் குடிக்கும் குதிரைகள், பின்னால் உதடு வெடித்த சிப்பாய்கள்.

ஞாயிறு மத்தியானம் மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒத்திகை. மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நீல வாளியைத் தொட்டியாக வைத்து ஆரம்பித்தேன். தீவனத்தோடு மணலையும் தின்று குதிரைகள் வயிற்றுவலியில் புரண்டதைச் சொன்னேன். ஈ மொய்க்காதபடி அவற்றின் கண்களுக்கு மேலே தோல் நார்களைத் தொங்கவிட்டதைச் சொன்னேன். சில சமயம் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரே இல்லை. கிடைத்தால் முதலில் குதிரைக்கு, பிறகுதான் மனிதனுக்கு.

"நீங்கள் ஒருநாளாவது உங்களுக்கு முதல் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்களோ?" என்றாள்.

காது கேளாதவன்போல் தொடர்ந்தேன். கிணறுகள் உள்ள ஓர் ஊரைக் குதிரைப்படை பாய்ந்து பிடிக்கிறது, குதிரைகள் வயிறு முட்டக் குடிக்கின்றன. அந்த இடத்தில் பேச்சை முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

"இஞ்சரப்பா, சண்டை முடிய அந்தக் குதிரையளுக்கு என்ன நடந்தது?"

அதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். திருப்பி ஏற்றிவரப் போதிய கப்பல் இல்லை, நோய் பரவும் என்ற பயம் வேறு. பலவற்றை அங்கேயே விற்றார்கள், வயதானவற்றைச் சுட்டார்கள். அதை அவளுக்குச் சொல்லிவிட்டு, "சனம் சந்தோஷமாய் வீட்டை போக வேணுமெல்லே," என்றேன்.

அவள் இறாலை வைத்துவிட்டுக் கை கழுவினாள். "ஊரில சண்டை வந்து இடம்பெயர்ந்து வரேக்க நாங்கள் நாயைக் கட்டிப்போட்டு வந்தனாங்கள். பின்னால வந்திடும் எண்டு நான்தான் கட்டினனான். ஒரு சட்டி தண்ணியும் வைச்சனான். ரெண்டு நாளில திரும்பி வந்திடலாம் எண்டுதான் நினைச்சனாங்கள்." கையைத் துடைத்தாள். "முடிவையும் சொல்லுங்கோ."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அவள் வீட்டில் ஒரு நாய் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது.

பேச்சு நாளன்று அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தேர்வாளர்கள் இருவர் பின்னால், கையில் தாளும் பேனையுமாக. என் ஆங்கிலம் அன்று சமர்த்தாக நடந்துகொண்டது. குதிரைகள் தண்ணீருக்கு வந்து சேர்ந்ததும் எல்லார் முகத்திலும் சிரிப்பு, சிலர் கைதட்டவே ஆரம்பித்தார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை என் சட்டைப்பைக்குள். மனைவியைப் பார்த்தேன். மிச்சத்தையும் சொன்னேன். கைதட்டல் நின்றுபோயிற்று.

சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் கையை உயர்த்தினார். "சுடுவதற்குப் பதிலாக அவிழ்த்துவிட்டிருக்கலாமே, ஏன் விடவில்லை?"

நல்ல கேள்வி. அவிழ்த்துவிட்ட குதிரை அங்கே தண்ணீரில்லாமல் மெல்ல மெல்லச் செத்திருக்கும். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் முதல் வரிசையிலிருந்து, சொல் சொல்லாக அடுக்கிய ஆங்கிலத்தில், என் மனைவியின் குரல்.

"இரண்டு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தார்கள்."

பிழை. முழுப் பிழை. இனித் திரும்பி வரப் போவதில்லை என்று அந்தச் சிப்பாய்கள் எல்லாருக்கும் தெரியும். தேர்வாளர் இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், நான் திருத்துவேன் என்று. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்," என்றேன். "அப்படித்தான் நினைத்தார்கள்."

வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் அதே மூலையில், அதே படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கழிப்பறை இடது பக்கம்.