லெட்சுமி அக்காவுக்கு மட்டும் முன்பே தெரிந்தது

மலேசியாவில், ஈப்போ நகரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனெல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். டைப் செய்த கடிதங்களில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் மறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, மேனேஜர் நவரத்தினம் கதவைச் சாத்திவிட்டு அதை என் மேசையில் வைத்தார். மூன்றாவது தயாரிப்பு லைனை வியட்நாமுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வேலை செய்யும் அறுபத்து நான்கு பேருக்கும் இன்னும் மூன்று மாதம்தான் வேலை.

"பிள்ளை, இது வெளியில போகக்கூடாது. இப்பவே தெரிஞ்சால் சனம் வேலை செய்யாது," என்றார்.

பட்டியலில் முதல் பெயர் லைன் லீடர் லெட்சுமி அக்கா. ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். தினமும் என் காரில்தான் வேலைக்கு வருவார். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தை விற்றபோது, பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த அவருடைய அப்பாவைப் பாதி வழியில் நிறுத்தி, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா எங்கப்பா அப்படி ஒடிஞ்சு போயிருக்க மாட்டாருலா," என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் சொன்னேன். அந்த வாரம் வியாழக்கிழமை மாலை, அவர் வீட்டு முன்னால் காரை நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான்க்கா. வெளிய போச்சுன்னா என் வேலையும் போயிரும்."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்கவில்லை.

வேறு வேலை தேடிக்கொள்வார் என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் கேட்டார். ஐம்பத்து மூன்று வயது என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதோடு தேடுவதை விட்டுவிட்டார். அவருடைய லைனில் பழுதென்று தள்ளும் ரிஜெக்ட் கூடியது. பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக வார்னிங் லெட்டர் வாங்கினார். அதையும் நான்தான் டைப் செய்தேன். கேண்டீனில் அவருடைய லைன் பெண்கள் தீபாவளிக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது பற்றிச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அக்கா சோற்றைப் பிசைந்தபடி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னக்கா, எங்க மேல கோவமா?" என்று ஜீவா ஒருநாள் கேட்டாள். லைனிலேயே அவளைத்தான் அக்காவுக்கு அதிகம் பிடிக்கும். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மூன்று மாதம் முடிந்து, லைன் மூடுவதை அறிவித்த அன்று லைனே அழுதது. ஜீவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழவில்லை. எல்லாருடைய வேலை அட்டைகளையும் வாங்கி அடுக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"நீ சொன்ன அன்னைக்கே எனக்கு வேலை போயிருச்சு கமலா. இவங்களுக்கு இன்னைக்குத்தான் போவுது."

அவருக்கு முன்பே தெரியும் என்பது எப்படியோ வெளியே வந்தது. "தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லலையேக்கா," என்று ஜீவா கேட்டாளாம். அதற்குப் பிறகு அவள் அக்காவோடு பேசவே இல்லை. அக்கா என் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

சொல்வதற்கு முன் அவரையே கேட்டிருக்கலாமே என்பார்கள். கெட்ட செய்தி இருக்கிறது, சொல்லவா வேண்டாமா என்று யாரிடம் கேட்க முடியும்? கேட்டாலே பாதி சொன்னதாகிவிடும். முன்பே தெரிவது நல்லதா, திடீரென்று தெரிவது நல்லதா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆபீஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்வேன். சொல்வதாக இருந்தால், சொன்ன பிறகு அவர்கள் கூடவே இருங்கள். நான் இருக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அக்கா பேச ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து, காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.