மணி கேட்காத வகுப்பறை

கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில், மாடியில் டியூஷன் வகுப்புக்கு ஓர் அறை கட்டினேன். கீழ்க்கடைக்காரர்களின் கூச்சல் பொறுக்காமல், சுவர், கதவு எல்லாவற்றிலும் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடித்தேன். அனுமதி தர வந்த அதிகாரியம்மாவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

"உலகமே இடிஞ்சாலும் உள்ள கேக்காது மிஸ்!"

"நல்லது. கீழ மாட்டியிருக்கிற தீ மணிய அடிக்கச் சொல்லுங்க."

கீழே நின்ற மனைவிக்கு ஃபோனில் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. எரிச்சலோடு மறுபடி கூப்பிட்டேன்.

"இன்னும் அடிக்கலியா?"

ஃபோனுக்குள் மணி அலறியது.

"அடிச்சிக்கிட்டேதாங்க இருக்கேன்! கடைக்காரங்க எல்லாம் தீயணைக்கத் தண்ணி வாளியோட ஓடி வந்துட்டாங்க!"

அதிகாரியம்மா எழுந்தார். "சத்தம் வராதது சரிதான் சேர். ஆனா மணி கேக்காத ரூமுல புள்ளைகள வைக்க ஏலாது. உள்ளயும் ஒரு மணி போடுங்க, பொறகு வாறேன்."

கதவைத் திறந்தால், படிக்கட்டு நிறைய வாளிகள். மூச்சிரைக்க நின்றவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை செலவு செய்து நான் வெளியே நிறுத்தியது இவர்களைத்தான்.