வடிகட்டி விழுங்கிய அழைப்பு

அந்தத் தெருவில் ஏழெட்டுக் கடைகளின் மின்னஞ்சல் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் ஓடியது. அங்கேயே கணினிக்கடை வைத்து, தன் கடை மெயிலோடு அதையும் கவனித்தவரை எல்லோரும் 'மெயில்காரர்' என்றே கூப்பிட்டார்கள். "குப்பை மெயில் தொல்லை தாங்கலைங்க" என்று கண்ணாடிக்கடைக்காரர் நச்சரிக்கவே, அவர் ஸ்பேம் வடிகட்டியைக் கடுமையாக்கினார். சந்தேகமான மெயிலைத் தனியே ஒதுக்காமல் உடனே அழித்துவிடும்படி வைத்தார். எல்லோருக்கும் பரம நிம்மதி.

மெயில்காரருக்கும் அவர் அக்காவுக்கும் பேச்சு நின்று வெகுகாலம். ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவள் எதிரே வந்துவிட்டாள்.

"பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரலையேடா. அவ்வளவு வைராக்கியமா?"

"கல்யாணமா? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா!"

"போன் பண்ண ரோஷம் விடல. ஊருக்கெல்லாம் மொத்தமா மெயில்ல அனுப்பின பத்திரிகைப் படத்தை உன் கடை மெயிலுக்கும் சேர்த்துத்தான் அனுப்பினேன். வருவேன்னு வாசலையே பார்த்துட்டு இருந்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில், பெரிய படத்தோடு போன அழைப்பு அது. குப்பையென்று நினைத்து வடிகட்டி அழித்திருக்கும். தட்டுத்தடுமாறி விளக்கினார். அக்கா நம்பினாள், செல்போனில் கல்யாணப் படங்களையும் காட்டினாள்.

அன்று மாலையே அவர் வடிகட்டியைத் தளர்த்திவிட்டார். ஆனால் படத்தில் மணப்பெண்ணின் பக்கத்தில், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், யாரோ தூரத்து மாமா சிரித்துக்கொண்டு நின்றது அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.