டாக்டர் சொல்லாத சொல்

இரத்த அழுத்தம் மிகுந்த ஒரு மனிதரிடம், அளவாகக் குடித்தால் பிழையில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவேயில்லை.

ஏன் சொன்னேன்? பொறாமை. அதற்கு நல்ல பெயர் ஒன்று தேடி இத்தனை வருடம் அலைந்தேன், கிடைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லும் மனிதர், அண்ணன் முறை வைத்து நான் அழைத்த ஹனிபா நானா, மருதமுனையில் தறிகள் வைத்திருந்தவர். என் மாமி மகள் சுலைஹாவைக் கட்டியவர். சுலைஹாவைச் சிறுவயதில் எனக்கென்றுதான் பேசியிருந்தார்கள்... பிறகு மாமா மனம் மாறினார். நானாமேல் எனக்கு வெறுப்பில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்த நானாவின் கையில் டாக்டர் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். பார்த்தவரின் முகம் மாறிவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார், மருந்து எழுதினார். "குடிப்பழக்கம் உண்டோ?" என்றும் கேட்டார். சுற்றிவர ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். ஒரு முஸ்லிம் மனிதர் அந்த இடத்தில் வேறென்ன சொல்வார்? "இல்ல ஐயா" என்றார்.

அடுத்த கிழமை மருந்து கொடுக்கப் போனபோது பகல் சாப்பாட்டுக்கு இருத்திவிட்டார். மீன் குழம்பில் உப்பேயில்லை. கதவு மறைவில் நின்ற சுலைஹா சொன்னாள்: "உங்களுக்கு உப்பு வேறயா வெச்சிருக்கன் மச்சான். எனக்கும் இந்த ஆணந்தான். அவர் உப்பில்லாமத் திங்கக்குள்ள எனக்கு மட்டும் எப்பிடி இறங்கும்?"

எனக்காக யார் உப்பை விடுவார்?

வழியனுப்ப வந்த நானா வேலியோரம் நின்று மெல்லக் கதைத்தார். "தம்பி, ஐயாக்கிட்டப் பொய் செல்லிட்டன். நாலு வருசமாத் தவறணைக்குப் போய்க் குடிக்கிறன். சுலைஹாவுக்குத் தெரியா. இந்தப் பிரஷர் வருத்தத்துக்கு அது கூடாதோ எண்டு ஐயாக்கிட்டக் கேட்டு எனக்குச் செல்லுங்க. கூடாதெண்டா, அல்லாஹ்மேல ஆணை, விட்டிருவன்."

விட்டிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். "கேட்டனான் நானா. அளவா எடுத்தாப் பிழையில்லையாம்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் வந்த நிம்மதி...

அவர் சாகவேண்டும் என்று நான் விரும்பவில்லை. நம்புவீர்களா? ஒருநாள் தள்ளாடி வீட்டுக்கு வந்து அவளிடம் பிடிபடவேண்டும், எப்படிப்பட்டவனுக்காக வாயைக் கட்டினோம் என்று அவள் நொந்து அழவேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அது சிறிய ஆசையா?

நாலாவது மாதம் ஒரு காலையில் தறிக்கொட்டிலில் விழுந்தார். வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

டாக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பார்த்து முடித்த டாக்டர் சுலைஹாவிடம் சொன்னார்: "குடிக்கிற ஆளெண்டா முதல்ல அதைத்தான் நிப்பாட்டச் சொல்லியிருப்பன். இவருக்கு அந்தப் பழக்கமும் இல்லையே."

நானாவின் கண்கள் டாக்டரை விட்டு என்மேல் திரும்பின. திரும்பியவை அங்கேயே நின்றன. நான் மருந்துக் குப்பியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம் இருந்தார். சுலைஹா ஊட்டினாள், வாய் துடைத்தாள், திருப்பிப் படுக்கவைத்தாள். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். வாய் கோணிக் கிடந்த மனிதரைப் பார்த்து!

பிறகு இடக்கையால் எழுதப் பழகினார். தண்ணீர் வேண்டும், நூல் வந்ததா, முதுகு வலிக்கிறது... எல்லாம் எழுதினார். என்னைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. மன்னித்தாரா? தன் குடி அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மௌத்தாகி, கேட்கும் வழியும் அடைபட்டுப்போயிற்று.

கணவன் இறந்தபின் மனைவி இருக்கும் இத்தா முடிந்தபின் ஒருநாள் சுலைஹா கதவு மறைவில் நின்று சொன்னாள்: "உங்கட பேச்சத்தான் மச்சான் அவர் எப்பவும் கேட்டு நடந்தவர். நீங்க செய்த உதவிய நான் மறக்கமாட்டன்."

"ஓம்" என்றேன்.