சித்தி படித்த ஸ்பானிஷ்

ஸ்பானிஷில் வணக்கம் சொல்லத் தெரிவதற்கு முன்பே என் சித்திக்குப் பழி போடத் தெரிந்துவிட்டது. அம்மாவின் தங்கை அவர். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். சரக்கு ஏன் தாமதம் என்று ஸ்பெயின்காரர்கள் கேட்டால், "தாமதம் செய்தது நாங்கள் இல்லை, சாயப்பட்டறைதான்" என்று அழுத்திச் சொல்லத் தெரியவேண்டுமாம். அதற்காகவே ஃபோனில் பாடம் கேட்பார்.

ஒன்பது வயதில் நான்தான் அவருடைய ஸ்பெயின்காரி. மாலையில் மொட்டைமாடியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இது ஆரு பண்ணுன தப்பு?" என்று அதட்டுவேன். 'ஃபுய் யோ' என்றால் நான்தான். 'ஃபுவே எய்யா' என்றால் அவள்தான். சித்தி ஒருநாளும் நான்தான் என்று சொன்னதில்லை. பட்டன்காரர், பிரிண்டிங்காரர், மழை என்று ஒருவர் பாக்கியில்லாமல் மாட்டிவிடுவார். வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த மாலைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் நிஜமான ஸ்பெயின் அம்மாளே கம்பெனிக்கு வந்துவிட்டார். போன சரக்கில், குழந்தைகள் பனியனில் சைஸ் லேபிள் மாறியிருந்தது. அதைச் சரிபார்த்து அனுப்பியது செக்கிங் மேசையிலிருந்த என் அம்மா. நானும் பக்கத்தில்தான் நின்றேன். மேனேஜர் சித்தியிடம், "இந்தம்மாதான் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தீர்றோம்னும் சொல்லீருங்க" என்றார். அம்மா, மடித்த பனியனையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த ஸ்பெயின் அம்மாளிடம் தெளிவாக, "ஃபுய் யோ" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும், "சித்தி, ஆளை மாத்திச் சொல்லீட்டீங்க!" என்றேன்.

"அட ஆமா கண்ணு, மறந்துபோச்சு பாரு" என்று சிரித்தார்.

அம்மா எவ்வளவு மன்றாடியும் சித்தி அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லையாம். அந்த வாரத்தோடு அவர் வேலை போயிற்று. பெங்களூருக்குப் போனவர், பொங்கலுக்கு வந்து தலைகாட்டுவதோடு சரி. அம்மா இன்னும் அதே மேசையில் இருக்கிறார்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? தன் வேலை போயிற்றென்றே நினைத்து, பஸ்ஸில் அம்மா டிபன் டப்பாவை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பெரிய மனுஷியாகச் சொன்னேன்: "அவங்கதான்னு சொல்றதுக்குப் பதிலா நான்தான்னு சொல்லீட்டாங்க. சித்திக்கு ஸ்பானிஷ் இன்னும் சரியா வரலீங்கம்மா."

அம்மா சட்டென்று எழுந்தார். அடுத்த நிறுத்தத்திலேயே என்னை இழுத்துக்கொண்டு இறங்கி, கம்பெனியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். தங்கையைத் திட்டத்தான் போகிறார் என்று பயந்து, "பாவம்மா, விட்டுருங்கம்மா" என்று அழுதுகொண்டே நானும் பின்னால் ஓடினேன்.