எட்டு மீட்டர் கயிறு

லிஃப்ட் கம்பெனியில் என் தம்பியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்னொருவாட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையை முடித்தாலும் “இன்னொருவாட்டி பாத்துடலாம்” என்பான், அதனால் வந்த பேர். லிஃப்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பி வடத்தைத் துணியால் துடைத்து, எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான். ஆறாம் மாடிக்காரர்கள் பையும் குழந்தையுமாக வெளியே நின்று முணுமுணுப்பார்கள். அவன் காதில் விழாது. வீட்டிலும் இதே கதைதான். கேஸை மூடியாச்சா என்று கேட்பான், மூடிட்டேன் என்று நான் சொன்ன பிறகு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். அப்புறம் எதுக்குடா என்னைக் கேட்டே என்று கத்துவேன். இவனை எவள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி கிடைத்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற பெண். பழைய கிடங்கு ஒன்றில் செயற்கைச் சுவர் கட்டிப் பாறையேற்றம் சொல்லித்தருகிறார்கள், அங்கே பழக்கம். அவள் ஏற, இவன் கீழே நின்று கயிறு பிடித்தானாம். ஏறுவதற்கு முன்னால் அவள் இடுப்பு முடிச்சை மூன்று தடவை பார்த்தானாம்.

“வேற யாராவது பாத்திருந்தா கடுப்பாயிருப்பேன்க்கா. இவரு பாத்தது எனக்குப் பிடிச்சுது” என்றாள்.

சரி, ஜாடிக்கேத்த மூடியாக வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கல்யாணம் முடிந்து எங்கே போகிறீர்கள் என்று வாயைக் கொடுத்தேன். தெற்கு ஐரோப்பாவில் கார் வாடகைக்கு எடுத்து, பதினொரு நாள், ஊர் ஊராக ஓட்டிப் போய் ஐந்து பாறைகளில் ஏறப் போகிறார்களாம்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவு, அதில் மாவுக்கட்டு அறை, அங்கே பத்தொன்பது வருஷமாக நான். ஏணியிலிருந்து விழுந்தவர், மாடியிலிருந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர், எல்லாரும் என் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். உயரத்தைச் சொன்னால் போதும், குதிகால் எப்படி நொறுங்கியிருக்கும், முதுகில் எந்த எலும்பு அமுங்கியிருக்கும் என்று படம் எடுக்காமலே சொல்லிவிடுவேன். எனக்குப் போய் ஹனிமூன் பாறையில் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் மாநாடு நடந்தது. வரைபடம், கால்குலேட்டர், ஒரு நீல அட்டை நோட்டு. முதல் பாறை கடலோரத்தில், அங்கிருந்து மூன்று மணி நேரம் கார், மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆறாம் நாள் முப்பது மீட்டர் பாறை. அதுதான் அவளுடைய ஆசை.

“முப்பது மீட்டர்னா எத்தனை மாடிடா?”

“பத்து.”

“பத்து மாடியை வாயால சொல்றே. உனக்கு லிஃப்ட் வேலையே போதாதா?”

“கயிறு இருக்குக்கா.”

“கயிறு அறுந்தா?”

“அறுந்துபோகாது. இன்னொருவாட்டி பாத்துட்டுத்தான் ஏறுவோம்.”

அவள் சிரித்தாள். நான் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன். வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். கழுத்தில் பட்டை போட்டு ஆறு மாதம் படுத்துக் கிடந்த ஒரு பையனின் கதையைச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னேன். இரண்டு பேரும் தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி வரைபடத்தை விரித்தார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நகரத்துக்கு வெளியே ஒரு பாறையில் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் கிளம்பிப் போனார்கள். கட்டிலடிப் பெட்டியில் இருந்த கயிற்றையும் எடுத்துப் போனான். நான் மேஜையைத் துடைத்தேன். நோட்டு திறந்தபடி கிடந்தது. துடைக்கிற கையோடு படித்தேன்.

‘இன்றைய பாறை 28. ஏற 28, இறங்க 28, மொத்தம் 56. கயிறு 60. மீதி 4.’

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஏறுவதற்கு ஒரு கணக்கு, இறங்குவதற்கு ஒரு கணக்கா என்று யோசித்தேன். அப்புறம் அவன் ஸ்பூனையும் நூலையும் வைத்து அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. உச்சியில் ஒரு வளையம் இருக்கும், கயிறு அதற்குள் போய்த் திரும்பிக் கீழே நிற்பவர் கைக்கு வரும், கீழே நிற்பவர் விட விட மேலே இருப்பவர் இறங்குவார். அதனால் பாறை உயரத்தைப்போல் இரண்டு மடங்கு கயிறு வேண்டும்.

கயிறு 60 என்று எழுதியிருந்தான். கயிறு அறுபது இல்லை. ஐம்பத்திரண்டு. எட்டு மீட்டரை வெட்டியவள் நான்.

போன வருஷம் அவன் வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்த மூன்று வாரம் போயிருந்தான். எங்கள் மாவுக்கட்டு அறைக்குப் பின்னால் ஏப்ரன் உலர்த்துகிற கம்பி துருப்பிடித்து அறுந்துபோனது. புதுசு கேட்டு எழுதிப் போட்டால் வர ஆறு மாதம் ஆகும். இவன் பெட்டியில்தான் மலைப்பாம்பு மாதிரி ஒரு கயிறு கிடக்கிறதே, எட்டு மீட்டர் போனால் என்ன குறைந்துவிடும் என்று கட்டு வெட்டுகிற கத்தரியால் வெட்டினேன். நான் ஒழுங்கான பொம்பளை. நுனி பிரியக்கூடாதென்று மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கினேன். நுனியில் அவன் சுற்றியிருந்த பச்சை டேப்பைப் பதமாகப் பிரித்து, புது நுனியில் அதே மாதிரி சுற்றி வைத்தேன். வந்து பார்த்தால் தொணதொணப்பானே என்று. அந்தக் கிடங்குச் சுவருக்கு அவர்களே கயிறு கொடுப்பார்கள். அதனால் இவன் பெட்டியைத் திறக்கவே இல்லை. நானும் சுத்தமாக மறந்துபோனேன்.

ஐம்பத்தாறு வேண்டும், ஐம்பத்திரண்டு இருக்கிறது. நாலு மீட்டர் உயரத்தில் தொங்கும்போது கயிற்றின் நுனி கீழே நிற்பவள் கையை விட்டுப் போய்விடும். கீழே கல்.

போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அவளுக்கும் அடித்தேன். அதே பதில். எந்தப் பாறை, எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சண்டை போட்டேனே தவிர, எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்று யாராவது விழுந்து வந்தார்களா என்று கேட்டேன். டியூட்டியில் இருந்தவர், “ஏன், உங்களுக்கு லீவுல போரடிக்குதா?” என்று சிரித்தார். அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. எழுபது தடவைக்கு மேல் போன் அடித்திருப்பேன். வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து கால் மரத்துப்போனது. என் தம்பியின் குதிகாலை என் மேஜைமேல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. நாலு கால். நடந்து வருகிற கால். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

தம்பி உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

“கயிறு தீந்துபோச்சு” என்றான்.

மிச்சத்தை அவள் சொன்னாள். உச்சியைத் தொட்டுவிட்டு இவன் இறங்க, அவள் கயிறு விட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று அவள் இடுப்பில் மாட்டியிருந்த, கயிறு ஓடுகிற கருவியில் கயிறு இறுகி நின்றுவிட்டது. பார்த்தால் நுனி. மேலே நாலு மீட்டரில் இவன். இவன் ஏறிக்கொண்டிருந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அவள் நுனியில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தாள். அதனால்தான் நின்றது. பாறையை ஒட்டி அவள் கொஞ்சம் மேலே ஏறிக் கயிற்றைத் தளர்த்த, இவன் மிச்சத் தூரத்தைப் பாறையைக் கையால் பிடித்தே இறங்கினான்.

“மீதி நாலு மீட்டர் இருக்கேன்னு நான் முடிச்சு போடலக்கா” என்றான் தம்பி. “ஏறுறதுக்கு முன்னாடி இழை அறுந்திருக்கான்னு பாத்தேன், நீளத்த மட்டும் அளக்கல. அப்புறம் அங்கயே அளந்து பாத்தோம். அம்பத்திரண்டுதான் இருக்கு. வாங்கின அன்னைக்கு நானே அளந்து அறுபதுன்னு எழுதினேன். கயித்தோட நடுப்பாகம் தெரியணும்னு மை வெச்சு அடையாளம் போட்டதும் நான்தான். அது நடுவுலயே இல்ல.”

“கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்” என்று என் வாய் சொன்னது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகவே சொன்னது.

“அளந்தது நான்க்கா. தப்பு என்னோடது.”

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பாறை கிடையாது. ஏதாவது கடற்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம். அவள் வரைபடத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், மறைப்பானேன். மூன்று மாதமாக எதற்குக் கத்தினேனோ அது கையில் வந்து விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தம்பி தரையிலேயே இருப்பான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. தலைவலி என்றான். அளவு டேப்பை எடுத்து மேஜையை அளப்பான், எழுதுவான், மறுபடி அளப்பான். கதவை அளப்பான். செவ்வாய் மாலை அவள் கடை முடிந்து வந்தாள்.

“நாளைக்காவது வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“நாளைக்கு ஒரு லிஃப்ட்ட ஓடலாம்னு கையெழுத்துப் போடணும். அதுல நாப்பது குடும்பம் ஏறும். என் கணக்கை எனக்கே நம்ப முடியல. வேற எடத்துக்கு மாத்தித் தாங்கன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். ஸ்டோர்ல ஏதாவது.”

அவள் என்னைப் பார்த்தாள். “அக்கா, எனக்கு மலையெல்லாம் வேணாம். இவரு இப்படி இருக்கறதுதான் பயமா இருக்கு.”

ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற என் தம்பியை நினைத்துப் பார்த்தேன். கேஸை மூடியாச்சா என்று கேட்டுவிட்டு, எழுந்து பார்க்கப் பயந்து உட்கார்ந்தே இருக்கிற தம்பியை.

“நான்தான் வெட்டினேன்” என்றேன்.

இருவரும் நிமிர்ந்தார்கள். ஏப்ரன், கத்தரி, மெழுகுவர்த்தி, பச்சை டேப், எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைச் சொல்லும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்போ நான் அளந்தது?”

“அறுபதுதான்டா. நீ சரியாத்தான் அளந்தே.”

முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்தபடி என்னைக் கேட்டாள், “நாங்க போறப்பவே தெரியுமாக்கா?”

“இல்லம்மா. நீங்க போன அப்புறம்தான் நோட்டைப் பாத்தேன்.”

“நாங்க திரும்பி வந்தப்போ தெரியும்.”

“தெரியும்.”

“ரெண்டு நாளா தெரியும்.”

நான் தலையாட்டினேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனான். அந்த லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டான். எழுபது மீட்டரில் புதுக் கயிறு வாங்கினார்கள், என்னைத் தொட விடவில்லை, அவள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது. பேசினார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், ஆனால் கிளம்புகிற அன்று பையை அவளே கட்டினாள். ஏர்போர்ட் வாசலில் தம்பி மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்து, “தினமும் எறங்கின உடனே போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து நாளும் செய்தான். இன்று ஆறாம் நாள், முப்பது மீட்டர். பக்கத்து மேஜையில் கட்டுப் போடுகிறவள், விஷயம் தெரிந்தவள், காலையில் கேட்டாள், “நீ சொல்லாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பே இல்ல? சொன்னது சரின்னு இப்பவும் நெனைக்கிறியா?”

“போன் வந்ததும் கேளு” என்றேன்.